சனிக்கிழமை நேரில் வரலாம்

இந்தா கண்ணு உன்ற போனு. பத்திரமா வாங்கி வெச்சுக்க. பஸ் ஏறிட்டன்னு ஒரு வார்த்த சொல்லலீன்னா என்ற பையன் அங்க பதறிட்டு இருப்பான். ஆத்தா மேல அத்தன பாசம் அவனுக்கு.

எனக்குப் போன் இல்லாமயா? இருந்துச்சு. நல்ல போனு, பையன் வாங்கிக் குடுத்தது. போலீசுக்காரங்க சாட்சிக்கு வேணும்னு வாங்கி வெச்சுக்கிட்டாங்க. ஏன் அப்படிப் பாக்கற? நான் என்ன சாராயமா வித்தன்? பயந்துக்காத, நான் நல்ல குடும்பத்துப் பொம்பள. கோபிக்குப் பக்கத்துல எங்கூர்ல வந்து ருக்குமணின்னு கேட்டுப் பாரு. காதுகுத்துல இருந்து கோயல் நோம்பி வரைக்கும் என்னைய முன்ன நிறுத்தாம ஒண்ணும் நடக்காது. அப்பேர்ப்பட்டவளக் கொண்டு போயி ஈரோட்டுல சைபர் போலீசுன்னு ஒண்ணு இருக்குதாமா, அங்க பெஞ்சுல உக்கார வெச்சுட்டாங்க. பக்கத்துல ஒரு பய, மீச கூட மொளைக்கல, பொம்பளப் புள்ளைங்களுக்கு அசிங்கப் படம் அனுப்புன கேசாமா. அவனும் நானும் ஒரே பெஞ்சு. ச்சீ. அந்த சன்னல சித்த தள்ளி உடு கண்ணு. அன்னிக்குப் புடிச்ச கொமட்டல் இன்னும் நிக்கல. எலுமிச்சம்பழத்த மோந்துட்டேதான் பஸ்லயே வாறன்.

நீயும் கோயமுத்தூருக்கா? நல்லதாப் போச்சு, நாயம் பேசிட்டே போலாம். என்ன வேலை? பல் ஆஸ்பத்திரிலயா. ஆஸ்டல்ல தங்கிட்டா? எங்க, சிங்காநல்லூரா? செரி செரி. கல்யாணம் ஆகல, கழுத்தப் பாத்தாலே தெரியுது. இருக்கட்டும், ஒரு பேச்சுக்குக் கேட்டன்.

என்ன கேசுன்னுதானே கேக்கற? சொன்னா சிரிப்ப. ஒரு போட்டோவும் ஒரு நம்பரும் அனுப்புனதுக்குக் கேசு. ஆமாங்கண்ணு, அவ்வளவுதான். அடுத்தவங்க நம்பரையும் விலாசத்தையும் போன்ல போட்டுட்டா இப்பக் குத்தமாமா. நாம பாக்காத கூத்தா? காதுகுத்துக்கு பிளெக்ஸ் வெச்சா பெரியப்பன் சித்தப்பன் மாமன் மச்சான்னு அத்தன மூஞ்சியும் அதுல இருக்குது, கீழ செல் நம்பரு இருக்குது. ஊட்டுக்கு முன்னால கல்லுல பேரு வெட்டி வெக்கறோம். கல்யாணப் பத்திரிகைல ஊரு, தோட்டத்துப் பேரு, என்ன வேலை பாக்கறான், ஒண்ணு உடறதில்ல. அப்ப பிளெக்ஸ் அடிக்கறவனையும் உள்ள போடு, பத்திரிகை அடிக்கறவனையும் உள்ள போடு. இதத்தான் அந்த எஸ்.ஐ. பொம்பளகிட்டக் கேட்டன். நிர்மலான்னு பேரு, காக்கிச்சட்டைய மாட்டிட்டு ஆம்பளையாட்டக் காலு மேல காலு போட்டு உக்காந்திருக்குது. அது சொல்லுது, "விலாசத்தச் சொன்னது தப்பில்லீங்கம்மா. யாருகிட்ட, என்ன நெனப்புல சொன்னீங்கங்கறதுதான் கேசு" அப்படிங்குது. நெனப்ப எப்படிக் கண்ணு கேசுல எழுத முடியும்?

செரி, மொதல்ல இருந்து சொல்றன். எனக்கு ஒரே பையன், பூபதி. சொந்தமா லேத்துப் பட்டறை வெச்சிருக்கறான், தோட்டம் இருக்குது, பீடி சிகரெட்டு ஒண்ணு கெடையாது. ஆனா பொண்ணு அமையல. எங்க பக்கம் இப்பப் பொண்ணுக்கு அவ்வளவு பஞ்சம். முப்பது தாண்டுன பசங்க ஊருக்கு ஊரு உக்காந்திருக்கறானுங்க. ஜாதகத்தத் தூக்கிட்டு நான் ஏறாத படி இல்ல. பையனுக்குக் காதோரம் நரைச்சுப் போச்சு, சாயம் அடிச்சுக் கூட்டிட்டுப் போறன், போற பக்கமெல்லாம் பொண்ணு மேல படிக்குதுங்கறாங்க, ஜாதகம் சேரலங்கறாங்க. ஒரு ஆத்தாளுக்கு எப்படி இருக்கும் சொல்லு.

போன தை மாசம் சிந்துஜா ஜாதகம் வந்துச்சு. பள்ளிக்கூடத்து டீச்சரு. அவங்கப்பன் ஆறுமுகம், சந்தைக்குச் சந்தை காய் யாவாரம். அந்தாளே கையால எனக்கு அனுப்புனதுதான் போட்டோ, ஜாதகம், விலாசம், நம்பரு எல்லாம். நான் களவாண்டுட்டு வரல, இத நல்லா மனசுல வெச்சுக்க. ஜாதகம் அம்சமாப் பொருந்துச்சு. போனோம், பாத்தோம், காப்பி பலகாரம் சாப்பிட்டோம். புள்ள கிளியாட்ட இருந்துச்சு. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. வந்த அன்னிக்கே சொந்தம் ஒறம்பறை அத்தன பேருக்கும் சொல்லிட்டன், வைகாசில கல்யாணம்னு. அவங்க இன்னும் சரின்னு சொல்லல, வாஸ்தவந்தான். அதெல்லாம் ஒரு சம்பிரதாயத்துக்குச் சொல்றதுதானே.

பையனுக்குப் புடிச்சுப் போச்சு. ஆசப்பட்டவன் பேசாம இருப்பானா? எந்திரிச்சியா, குளிச்சியா, எந்த பஸ்ல போற, பக்கத்துல யாரு உக்காந்திருக்கறா, ஒரு போட்டோ எடுத்து அனுப்புன்னு கேப்பான். கட்டிக்கப் போறவன் இதக் கூடக் கேக்கக் கூடாதா? அவ போன எடுக்கலீன்னா எடுக்கற வரைக்கும் அடிச்சுட்டே இருப்பான். அவன் சின்னதுல இருந்தே அப்படி. ஒண்ணு வேணும்னு மனசுல நெனச்சுட்டான்னா வாங்காம உடமாட்டான், பொம்மைனாலும் சரி, வண்டினாலும் சரி. அந்தப் புள்ள நம்பர மறைச்சு வெச்சுதோ என்ன பண்ணுச்சோ, இவன் போனு அங்க போகாமப் போச்சு. பட்டறைல வேல செய்யற பசங்க போன வாங்கியெல்லாம் பேசிப் பாத்தான், பாவம்.

ஒரு நாள் அந்த ஆறுமுகம் வந்தான். வாசல்ல நின்னுட்டே, "புள்ளைக்கு இஷ்டமில்லீங்க, மன்னிச்சுக்கோங்க" அப்படின்னான். உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. செருப்பக் கூடக் கழட்டல. எனக்கு நெஞ்சுல யாரோ ஒதைச்ச மாதர ஆயிப் போச்சு. எங்க ஊட்ல என்ன கொற? பொடவை எடுக்கற கடை வரைக்கும் நான் யோசிச்சு வெச்சிருக்கறன். கோயல்ல பாக்கறவங்கெல்லாம் எப்பக் கல்யாணம், எப்பக் கல்யாணம்னு கேக்கறாங்க. என்னன்னு சொல்லுவன்? காய் விக்கறவன் மக என்ற பையன வேண்டாம்னுட்டான்னா? பையன் மூணு நேரமும் சோறுங்காம படுத்துட்டான். அந்தக் கோலத்தப் பாத்தா எந்த ஆத்தா சும்மா இருப்பா?

வாட்சப்புல வரன் குரூப்புங்க இருக்குதில்ல, உங்கம்மாகிட்டக் கேளு, அவங்களும் ஏதாச்சும் ஒண்ணுல இருப்பாங்க. பத்துப் பதினஞ்சு குரூப்புல நான் இருக்கறன். அத்தனையிலயும் சிந்துஜா போட்டோவையும் விவரத்தையும் தட்டி உட்டன். நல்லதுதானே பண்ணுனன்? எங்களுக்கு வேண்டாம், வேற யாருக்காச்சும் அமையட்டும். குரூப்புல இருக்கறதெல்லாம் நல்ல நல்ல குடும்பத்து ஆளுங்க.

கீழ என்ன எழுதுனன்னா கேக்கற? எல்லாரும் எழுதறதுதான் எழுதுனன். கல்யாணத்துக்கு அவசரம், யாரு வேணும்னாலும் எந்நேரமும் கூப்புடலாம். அவ்வளவுதான். அப்பறம், நேர்ல பாக்கோணும்னா சனிக்கெழம வரலாம்னு ஒரு வரி. சனிக்கெழம ஏன்னா, அவங்கப்பன் ஆத்தா ரெண்டு பேரும் சந்தைக்குப் போயிருவாங்க, புள்ளைக்கு லீவு. தனியா இருக்கும், தொந்தரவில்லாம பேசிக்கலாம்னுதான். அது பொய்யா? சனிக்கெழம சந்தை இல்லியா? தனியா இருக்க மாட்டாளா? ஒரு எழுத்து பொய்யி எழுதல நானு.

மொகத்த ஏன் அப்படி வெச்சிருக்கற? உனக்கும் கொமட்டுதா? இந்தா, பழத்த மோந்து பாரு.

அது எப்படியோ எங்க குரூப்பத் தாண்டி வெளிய போயிருச்சாமா. எங்கயோ கன்னாபின்னா குரூப்புங்க, லாரிக்காரன், வெளிநாட்டுல இருக்கறவன், எவன் எவனோ பாத்திருக்கறான். அதுக்கு நானா ஜவாப்தாரி? ராத்திரி பகல்னு இல்லாம போனாமா. பள்ளிக்கூடத்து கேட்டுல நாலு தறுதலைங்க வந்து நின்னானுங்களாமா. இவளுக்காகத்தான் வாறானுங்கன்னு பள்ளிக்கூடத்துல வேலைய உட்டு நிறுத்திட்டாங்க. நிறுத்துனது அவங்க, கேசு எம்பேர்ல. இது எந்த ஊரு நாயம்?

ஒரு சனிக்கெழம ஒருத்தன் ஊட்டுக்கே போயிருக்கறான். கைல மல்லிப்பூவு. வாசல்ல நிக்காம உள்ள பூந்து கதவச் சாத்தியிருக்கறான். அன்னிக்குன்னு பாத்து ஆறுமுகத்துக்குக் காச்சலு, சந்தைக்குப் போகாம உள்ள படுத்திருந்திருக்கறான். எந்திரிச்சு வந்து அவனப் புடிச்சுத் தள்ள, அவன் இந்தாளத் தள்ள, இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. இப்பக் கட்டில்லதான் கெடக்கறான். கேட்டப்ப எனக்கும் வெசனமாத்தான் இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா நானும் கேக்கறன், சந்தைக்குப் போக வேண்டிய மனுசன் அன்னிக்கு எதுக்கு ஊட்ல இருக்கோணும்?

அத்தோட அந்தப் புள்ள நேரா போலீசுக்குப் போயிருச்சு. பெரியவங்க வந்து பேசித் தீத்திருக்கலாம். எனக்குப் போன் பண்ணியிருக்கலாம். எங்கிட்டக் கேட்டிருந்தா நானே அழிச்சிருப்பன்.

அந்த நிர்மலா இருக்குதே, அது பண்ணுன காரியந்தான் கண்ணு என்னால சீரணிக்க முடியல. என்னைய உக்கார வெச்சு, அந்தப் புள்ளைக்கு வந்த மெசேஜ் ஒவ்வொண்ணா எடுத்து, சத்தமா, வெளக்கமா படிச்சுக் காட்டுச்சு. நடுவுல நிறுத்தவே இல்ல. காதப் பொத்துனன், கையெடுங்கம்மான்னுச்சு. நான் ஒரு குடும்பப் பொம்பள, வயசான காலத்துல அந்த வார்த்தையெல்லாம் என்ற காதுல உழுகலாமா? என்னத்த எழுதியிருக்கறானுங்க தெரியுமா? என்ற வாயில வராது. எவ்வளவு, எங்க வர, என்னென்ன பண்ணுவன்னு... தூ. ஒருத்தன் அவன்ற உடம்பையே படம் புடிச்சு அனுப்பியிருக்கறான். அப்படியே ஓடிப் போயி கக்கிட்டு வந்தன். அன்னில இருந்து சோறு எறங்கல. வாய்க்குப் பக்கத்துல கொண்டு போனா அந்த வார்த்தைதான் வருது. ஒரு பொம்பளைகிட்ட இதப் படிச்சுக் காட்டலாமான்னு அந்த நிர்மலாவுக்கு ஒரு கூச்சம் வேண்டாம்? பொம்பளையா அது?

அதுல பூபதி அனுப்புனதும் இருக்குதுங்குது. வேற வேற நம்பர்ல இருந்து அனுப்பியிருக்கறானாமா. எனக்கு வேண்டாம்னவ எவங்கூடவும் வாழ முடியாதுன்னோ என்னமோ படிச்சுது. கோவத்துல எழுதறதுதானே? அவனக் காறித் துப்புனவ மேல அவனுக்கு இன்னும் ஆச போகல, அதத்தான் நான் அதுல பாக்கறன்.

சிந்துஜாவும் அன்னிக்கு வந்திருந்தா. எம்மூஞ்சியப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "உங்க ஊட்டுக்கு வரமாட்டன்னுதானுங்கம்மா சொன்னன். கூப்புடற எல்லாருத்து கூடவும் வருவன்னு எதுக்குங்க எழுதுனீங்க?" அழுகல, கத்தல, சும்மா கேட்டா. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாரு. டீச்சரில்ல, அதான் அந்தத் திமிரு. அவகூட எனக்கென்ன பேச்சு?

எது? கேசு என்ன ஆகும்னா? வக்கீல் சொல்றான், உள்ள போக வேண்டி வந்தாலும் வரும்மான்னு. அதுக்கு ஒரே வழிதான் இருக்குது. அந்தப் புள்ள தானாப் போயி, எனக்கு இவங்க மேல புகார் இல்லீங்க, சமாதானமாப் போறன்னு சொல்லோணும். அதுக்குத்தான் இப்ப இந்த பஸ்ல உக்காந்திருக்கறன். வேலை போனதும் அவ ஊர உட்டுட்டுக் கோயமுத்தூரு வந்துட்டா. எங்க இருக்கறான்னு எவங்கிட்டயும் சொல்லல. நம்பர மாத்திட்டா. அவங்காத்தாகிட்டக் கேட்டா கதவ மூஞ்சில சாத்தறா.

ஆனா நான் கண்டுபுடிச்சுட்டன். எப்படீன்னு கேளு. இந்தப் பையில பாரு, என்ன இருக்குது? கல்யாணப் பத்திரிகை. நாலு மூலையிலயும் மஞ்ச. எங்க ஊட்டுக் கல்யாணம் இல்ல, பக்கத்து ஊட்டுக்காரி வெச்சுட்டுப் போனது, கல்யாணமே முடிஞ்சு போச்சு. இத எடுத்துட்டுப் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனன். சிந்துஜா கூட வேலை பாத்த டீச்சரு ஒண்ணு, நல்ல புள்ள, வெளிய வந்துச்சு. நான் அவளுக்குப் பெரியம்மா மொறை, நேர்ல பத்திரிகை வெக்கோணும், எங்க கண்ணு இருக்கறான்னு கேட்டன். யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்கறாளுங்கன்னு மொதல்ல இழுத்துச்சு. நான் பத்திரிகைய எடுத்துக் காட்டுனன், கண்ணுல சித்த தண்ணி உட்டன். மஞ்ச தடவுன பத்திரிகையோட வாறவங்கள எந்த ஊட்ல கண்ணு திருப்பி அனுப்புவாங்க? மனசு எளகி அப்படியே சொல்லிருச்சு. பீளமேட்டுல ரயில்வே கேட்டத் தாண்டுனா ரெண்டாவது சந்து, மஞ்சக் கலரு மாடி, சக்தி லேடீஸ் ஆஸ்டலு, மாடிப்படி ஏறுனதும் மொத ரூமு. சாயங்காலம் டியூசன் முடிச்சு ஆறு மணிக்குத் திரும்பி வருவாளாமா. நாம அதுக்கு முன்னால போயி நின்னுக்க வேண்டியதுதான்.

அவ பக்கமே போகக் கூடாதுன்னு நிர்மலா எழுதி வாங்கியிருக்குது. எனக்கும் பையனுக்கும் சேத்துத்தான். நான் எங்க போறன்? பத்திரிகை வெக்கப் போறன்.

ஆமா, பையனும் வாறான். உன்ற போன்ல அதத்தானே சொன்னன், கேக்கலயா? அவன் வண்டில முன்னாலயே கெளம்பிட்டான். ஆஸ்டல் வாசல்ல நிக்கறன்னு சொல்லியிருக்கறான். நான் ஒருத்தியாப் போனாப் பேச மாட்டா. அவன் நேர்ல ஒரு தடவ பேசுனா வழிக்கு வந்துருவா. புகார வாபஸ் வாங்கறதோட அப்படியே மனசும் மாறுனா நான் இப்பவும் மருமகளா ஏத்துக்கத் தயார். எம்பட பெருந்தன்மை அது. இத்தன அசிங்கம் நடந்தவள வேற எவன் கட்டிக் கூட்டிட்டுப் போவான்?

என்ன கேட்ட? ஆஸ்டல் பேரா? சக்தி லேடீஸ் ஆஸ்டல், இப்பத்தானே சொன்னன். ரயில்வே கேட்டத் தாண்டி ரெண்டாவது சந்து. பையன் வண்டியா? கருப்புக் கலரு புல்லட்டு. எஸ்.ஐ. பேரு நிர்மலா, ஈரோட்டு சைபர் ஸ்டேசன். நீ என்ன கண்ணு, வக்கீலாட்டம் ஒவ்வொண்ணாக் கேக்கற? கேளு கேளு, எனக்கு ஒளிவு மறைவு கெடையாது. மடில கனமிருந்தாத்தானே பயம்? அந்தக் காலத்துல இருந்தே நான் எல்லாத்தையும் வெளிப்படையா சொல்லிருவன். போன்ல என்னமோ எழுதிட்டே இருக்கறயே, ஆஸ்பத்திரிக்கா? எழுது எழுது, நான் தொந்தரவு பண்ணல.

உன்னைய நான் அப்பவே கவனிச்சன், பேச்சுக்குப் பேச்சு எதுத்துப் பேசாம அடக்கமா உக்காந்திருக்கற. இந்தச் சிந்துஜா காரியம் ஆவலீன்னாலும் எனக்கு ஒண்ணும் கொறையில்ல. உன்ற பேரு தாரணிதானே? கண்டக்டர்கிட்டச் சில்லறைக்கு நின்னப்ப, பஸ் ஏத்தி உட வந்த உங்கூட்டாளி கூப்புட்டாளே. என்ன நட்சத்தரம்? சொன்னா என்ன, நட்சத்தரத்துக்குமா கேசு போடுவாங்க?

ஏன் எந்திரிக்கற? இது அவிநாசி. நீ கோயமுத்தூருக்குத்தானே சீட்டு வாங்குன? இங்க எறங்கி என்ன பண்ணப் போற? அட, கைய உதறாத, நான் என்ன கடிச்சாத் திங்கப் போறன். அங்க என்ன பாக்கற, போலீஸ் பூத்தா? அதுல இப்ப யாரு இருப்பா.

இரு, இரு, உன்ற போன் அடிக்குது. யாருன்னு தெரியாத நம்பரா? கடைசில நாப்பத்தேழுன்னு வருதா? அப்ப பூபதிதான். நான் பேசுனனில்ல, நம்பரு அவங்கிட்ட இருக்குது. பக்கத்துல ஒரு நல்ல புள்ள உக்காந்திருக்குதுன்னு சொன்னன், அதுக்குத்தான் கூப்புடறான். சும்மா எடுத்துப் பேசு கண்ணு. கட் பண்ணாத. நீ எடுக்கற வரைக்கும் அவன் உடமாட்டான்.